பக்கவாதம் வந்த வீட்டுக்கு: எதை எப்போது செய்ய வேண்டும்?

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போனபோது யோசனை சொல்ல ஆட்கள் நிறையவே இருந்தார்கள். டாக்டர் மருந்தைப் பற்றிச் சொன்னார், பிசியோதெரபிஸ்ட் பயிற்சியைப் பற்றிச் சொன்னார், பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் காப்பீட்டு அட்டையைப் பற்றிச் சொன்னாள். எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. இந்த நோயில் ஊசிக்கு மணிக்கணக்கு, பயிற்சிக்கு மாதக்கணக்கு, சான்றிதழுக்கு ஆறு மாதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருக்கிறது. தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பங்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. அறிகுறி தெரிந்ததும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்

வாய் ஒரு பக்கம் கோணுவது, இரண்டு கையையும் நீட்டச் சொன்னால் ஒரு கை தானாகக் கீழே இறங்குவது, பேச்சு குழறுவது, திடீரென்று தள்ளாட்டம் அல்லது பார்வைக் குறைவு. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், 108-ஐ அழையுங்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படி வந்து மறைவது பெரிய ஸ்ட்ரோக்குக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதுதான். தூங்கி எழும்போது கை கால் விழுந்திருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லக் கூடாது. இரவு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்த நேரத்தைச் சொல்ல வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் குழாய் வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சை உண்டு. அதற்கு 6 மணி நேரம், ஸ்கேனில் தகுதி தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அவகாசம் இருக்கிறது. அதனால் நேரம் தாண்டிவிட்டது என்று நீங்களாக முடிவுகட்டி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குப் போய் அங்கிருந்து இன்னொரு இடம் என்று அலைவதில்தான் பலருடைய நேரம் போகிறது. 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேனும், இந்த ஊசி போடும் வசதியும் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். 108 ஊழியர்களிடம் "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் எங்கே கொண்டுபோவது என்று அவர்களே பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். தனியாரில் ஊசி மருந்துக்கே பல ஆயிரம் ஆகும்.

வீட்டில் செய்யக் கூடாதவை: ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பது, காபியோ தண்ணீரோ புகட்டுவது, பி.பி. மாத்திரையைக் கூடுதலாகப் போடுவது. மூளை ரத்தக்குழாயில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும். விழுங்கும் சக்தி போயிருந்தால் ஒரு மடக்குத் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போகும்.

ஊசி போடுவதற்கு முன் கையெழுத்து கேட்பார்கள். நூறில் ஐந்தாறு பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம் என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனாலும் தகுதியுள்ளவர்களுக்கு, ஊசி போடுவதால் சொந்தக் காலில் நடமாடும் வாய்ப்பு கூடுகிறது. எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் போன் போட்டுக் கேட்டு முடிவெடுக்க அப்போது நேரம் இருக்காது. கையெழுத்து போடக்கூடிய ஒருவர் ஆம்புலன்ஸிலேயே கூடப் போகட்டும். போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும் ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2. வார்டில் இருக்கும்போது கேட்க வேண்டியவை

அடைப்பா கசிவா, மூளையின் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இடது மூளையில் என்றால் வலது பக்கம் பலவீனமாகும், கூடவே பேச்சும் பெரும்பாலும் பாதிக்கப்படும். வலது மூளையில் என்றால் இடது கை கால் விழுவதோடு, இடது பக்கம் என்ற ஒன்று இருப்பதையே சிலர் மறந்துவிடுவார்கள். தட்டில் இடது பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும். அடம் பிடிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் நோயின் ஒரு பகுதி.

வாய் வழியாக எதையும் கொடுப்பதற்கு முன் விழுங்கும் பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், படுக்கைப்புண் வந்துவிட்டால் எல்லாமே தள்ளிப்போகும். யூரின் டியூபை எப்போது எடுக்கலாம் என்று தினமும் கேளுங்கள். தேவைக்கு மேல் இருந்தால் தொற்று வரும்.

பிசியோ எப்போது ஆரம்பிக்கும் என்பது அடுத்த கேள்வி. நிலைமை நிதானப்பட்டிருந்தால் ஒன்றிரண்டு நாளில் உட்காரவைக்கத் தொடங்குவார்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடக்கவைப்பது நல்லதல்ல என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆகவே அவசரப்படுத்த வேண்டாம், வாரக்கணக்கில் படுக்கவைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, தோள்பட்டை. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். தசை தளர்ந்திருப்பதால் மூட்டு நழுவிவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வலி இருக்கும், வலியால் பயிற்சியும் நின்றுபோகும். படுத்திருந்தாலும் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கைக்கு அடியில் தலையணை இருக்கட்டும். பார்க்க வருபவர்கள் ஆசையாய்க் கையைப் பிடித்து இழுப்பதையும் தடுக்க வேண்டியிருக்கும்.

3. காப்பீடு: டிஸ்சார்ஜுக்கு முன் முடியுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நான் இதற்காக அலைந்தபோது வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். வி.ஏ.ஓ. தொடங்கி வருவாய்த் துறையின் ஒவ்வொரு மேசையையும் தாண்டி வர நாளாகும் என்பதால், சேர்த்த அன்றே ஒருவர் இந்த வேலையில் இறங்கட்டும். நோயாளி நேரில் வர முடியாது என்றால் என்ன வழி என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையிலேயே கேளுங்கள். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993.

தனியார் ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்றாலே எல்லாச் சிகிச்சையும் இலவசம் என்று அர்த்தமில்லை. "இவருக்குத் தரும் சிகிச்சை திட்டப் பட்டியலில் இருக்கிறதா, எந்தெந்தச் செலவு வெளியே?" என்று பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீடு இருந்தால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கு ஒரு கால வரம்பு இருக்கும், 60 நாள், 90 நாள் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். அந்த நாட்களுக்குள் ஆகும் பிசியோ செலவையும் பல பாலிசிகளில் கேட்டு வாங்கலாம். அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் "பிசியோதெரபி தொடர வேண்டும்" என்ற வரி இருக்க வேண்டும், பிசியோதெரபிஸ்ட் கையெழுத்துடன் ரசீதும் வேண்டும். அந்த வரி இல்லையென்றால் வார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் எழுதி வாங்குங்கள்.

தீவிர நோய்க் காப்பீடு எடுத்திருந்தால் அதை மறந்துவிடாதீர்கள். அதில் ஸ்ட்ரோக்குக்குப் பணம் கிடைக்க, நரம்புப் பாதிப்பு குறைந்தது 3 மாதம் நீடித்ததற்கான சான்று கேட்பார்கள். தகவலை உடனே தெரிவித்துவிடுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் நரம்பியல் மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்து எழுதி வாங்குங்கள். வந்து மறைந்த சிறு ஸ்ட்ரோக்குக்கு இதில் பணம் வராது.

4. வீடு

அப்பா வருவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் கமோட் சேர் வாங்குங்கள். குளியலறையில் பலமுள்ள கை பக்கமாகக் கைப்பிடி, வழுக்காத மிதியடி, இரவு விளக்கு இருக்கட்டும். கட்டில், உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படியும் உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் கேட்ட விலைகள்: ஏர் பெட் 2,000 முதல் 3,500 ரூபாய், வாக்கர் ஆயிரத்தைச் சுற்றி, சாதாரண சக்கர நாற்காலி 5,000 முதல் 8,000 வரை. சக்கர நாற்காலி பலருக்குச் சில மாதம்தான் தேவைப்படும், வாடகைக்கும் கிடைக்கிறது. வாக்கரை அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஒரு கை வேலை செய்யாதவருக்கு இரண்டு கையால் பிடிக்கும் வாக்கரால் பயன் இல்லை. அவருக்குப் பெரும்பாலும் நாலு கால் ஊன்றுகோல்தான் சரிப்படும். பிசியோ பார்த்துச் சொன்ன பிறகு வாங்குங்கள்.

5. பிசியோதெரபி: முதல் மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

செத்துப்போன மூளைச் செல்கள் திரும்பி வருவதில்லை. சுற்றியுள்ள, பிழைத்த பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. திரும்பத் திரும்பச் செய்வதால்தான் அவை கற்கின்றன. முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் வேகமாக இருக்கும், ஆறு மாதம் வரை நன்றாகத் தெரியும், அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும். "ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி ஒன்றும் வராது" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அதே நேரம் "உடம்பு தேறட்டும், அப்புறம் பிசியோ பார்க்கலாம்" என்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் இழக்கவைத்த வார்த்தை.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோ பிரிவு இருக்கிறது, இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். தினமும் வர மாட்டார் என்பதால், வரும்போது அடுத்த வருகை வரைக்குமான பயிற்சிகளைக் கேட்டுக் கற்று, அவர் அனுமதியுடன் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தங்கியிருந்து தீவிரப் பயிற்சி பெற வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் பெயர்பெற்றது. அங்கே கட்டணம் உண்டு, இடத்துக்கு முன்கூட்டியே கேட்க வேண்டும்.

தனியாராக வீட்டுக்கு வருபவர்கள் எங்கள் பக்கம் ஒரு வருகைக்கு 400 முதல் 700 ரூபாய் வாங்குகிறார்கள். 500 என்று வைத்தாலே மாதம் 26 நாளைக்கு 13,000 ரூபாய். மூன்று மாதத்துக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். முடியாவிட்டால் வாரம் மூன்று நாள் வரச் சொல்லி, மற்ற நாட்களில் வீட்டு ஆட்கள் செய்யலாம். வருபவர் பிசியோதெரபி பட்டமான பி.பி.டி. அல்லது எம்.பி.டி. படித்தவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். கரண்ட் மெஷினை மாட்டிவிட்டு இருபது நிமிடம் போன் பார்த்துவிட்டுக் கிளம்புபவர் என்றால் ஆளை மாற்றுங்கள். மெஷின் ஒரு துணைதான். நோயாளி தானாக முயன்று அசைப்பதுதான் பயிற்சி.

என்ன நடக்கும் என்று ஓரளவு தெரிந்திருந்தால் நம்பிக்கை குலையாது. முதலில் மூட்டு இறுகாமல் இருக்க நாம் கை காலை அசைத்துவிடுவோம். அப்புறம் படுக்கையில் புரள்வது, முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, கட்டில் ஓரத்தில் பிடிப்பில்லாமல் உட்காருவது. அதன் பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பல முறை. நிற்பது, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றுவது, கடைசியாக நடை. கால் பெரும்பாலும் முதலில் வரும், கை தாமதிக்கும், விரல்கள் எல்லாவற்றுக்கும் கடைசி. நடக்கும்போது பாதம் தொங்கி இடறினால் பிளாஸ்டிக் கால் பட்டை ஒன்று அளவெடுத்துச் செய்து தருவார்கள். அது தனியாரில் சில ஆயிரம் ரூபாய். அரசு மறுவாழ்வு மையங்களில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு மணி நேரம் பிசியோ, மீதி நேரம் படுக்கை என்றால் போதாது. காலையில் சட்டைப் பொத்தான் போடுவது, டம்ளரை எடுத்து வைப்பது, துண்டை மடிப்பது என்று அன்றாட வேலையையே பயிற்சியாக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடமாக நாளுக்கு நாலைந்து முறை செய்வது, ஒரேயடியாகச் செய்து சோர்வதைவிட எங்களுக்கு நன்றாக வேலை செய்தது. அவசரமாய் இருக்கிறது என்று நீங்களே ஊட்டிவிடாதீர்கள். அரை மணி நேரம் ஆனாலும் அவரே சாப்பிடட்டும்.

இனி, எல்லா வீட்டிலும் வரும் யோசனைகள்:

- ரப்பர் பந்தை அமுக்கச் சொல்வது. விரல்கள் ஏற்கெனவே உள்நோக்கி மடங்கி இறுகும் நிலையில் இருந்தால் பந்து அந்த இறுக்கத்தைத்தான் கூட்டும். விரலை விரிப்பதுதான் அங்கே தேவை. பிசியோவைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.
- சுடுதண்ணீர் ஒத்தடம். அந்தப் பக்கம் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது.
- எண்ணெய் தேய்ப்பது. மெதுவாகத் தேய்ப்பதில் ஆறுதல் உண்டு, அதனால் கை கால் வந்துவிடாது. முரட்டுத்தனமாக இழுத்து நீவினால் தோள் போய்விடும்.
- புறா ரத்தம், கடும் பத்தியம். புறா ரத்தத்தால் பக்கவாதம் குணமாகாது. பத்தியம் என்று சத்தான சாப்பாட்டை நிறுத்தினால் தசை இன்னும் கரையும். இவற்றுக்காகப் பி.பி. மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

6. சாப்பாடும் பேச்சும்

விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீர்தான் கடினம், கெட்டியான கஞ்சி எளிது. இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். நேராக உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, சின்னக் கரண்டியால் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பிறகு கரகரத்த குரல், திடீர்க் காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

பேச்சு போனவருக்குப் புத்தி போகவில்லை. நாம் பேசுவது பெரும்பாலும் புரியும், வார்த்தைதான் கிடைக்காது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்வியாகக் கேளுங்கள். அவர் தேடும் வார்த்தையைப் பிடுங்கிச் சொல்லாமல் காத்திருங்கள். பேச்சுப் பயிற்சியாளர் உள்ள ஊர்கள் குறைவு, செல்போனில் வீடியோ வழியாகப் பயிற்சி தருபவர்களும் இருக்கிறார்கள்.

ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஸ்ட்ரோக்குக்குப் பிறகு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு வர மறுப்பது, சாப்பாட்டைத் தள்ளுவது, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது எல்லாம் சோம்பேறித்தனம் அல்ல. அடுத்த முறை நரம்பியல் டாக்டரைப் பார்க்கும்போது இதைத் தனியாகச் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது. பார்த்துக்கொள்ளும் உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

7. மாத்திரை

கசிவு இல்லாத ஸ்ட்ரோக் என்றால் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரையும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். பல் பிடுங்க வேண்டும் என்றால்கூட, எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வீட்டில் ஒரு பி.பி. மெஷின் வாங்கி, அளவைத் தேதியுடன் நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 130/80-க்குக் கீழே என்பதுதான் இலக்கு, உங்கள் டாக்டர் வேறு அளவு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். பி.பி., சர்க்கரை மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பீடி, சிகரெட் இருந்தால் அன்றோடு நிற்க வேண்டும்.

8. ஆறு மாதம் முடிந்ததும்: யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை

நரம்புப் பாதிப்பால் வரும் ஊனத்தை ஆறு மாதம் கழித்தே மதிப்பிடுகிறார்கள். முன்னாலேயே அலைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதம் முடிந்ததும் ஸ்வாவலம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், கட்டணம் இல்லை. இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். புகைப்படம், கையெழுத்து அல்லது ரேகை, ஆதார், முகவரிச் சான்று தேவை. மதிப்பீட்டு நாளன்று டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் அறிக்கையும் அசலாக வேண்டும். மதிப்பீட்டு முகாம் நடக்கும் நாளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள், நடக்க முடியாதவரைச் சும்மா அலைக்கழிக்க வேண்டாம்.

40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீல அட்டை. பெரும்பாலான சலுகைகள் 40 சதவீதத்தில் தொடங்குகின்றன. 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் உண்டு. அதற்கு அதே அலுவலகத்தில் தனியாக மனு கொடுக்க வேண்டும், அட்டை வந்தால் பணம் தானாக வராது. வரிசை இருப்பதால் அட்டை கைக்கு வந்த வாரமே கொடுத்துவிடுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது நோயாளியால் தினசரி எதைச் செய்ய முடியவில்லை என்பதை உள்ளபடி சொல்லுங்கள். டாக்டர் முன்னால் வைராக்கியமாக நடந்து காட்டும் அப்பாக்கள் இருக்கிறார்கள்.

9. வேலையும் வங்கியும்

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ள தொழிலாளி என்றால், நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு நீட்டிக்கப்பட்ட உதவிக்கான நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர் வேலை, 156 நாள் சந்தா என்ற தகுதி இருந்தால் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். கம்பெனி சொல்லும் என்று காத்திருக்காமல் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நீங்களே கேளுங்கள்.

அரசு வேலையில் இருப்பவர் என்றால் பயந்துபோய் விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. அதே சம்பளத்தில் செய்யக்கூடிய வேறு பணிக்கு மாற்ற வேண்டும்.

கையெழுத்து போட்ட கையே விழுந்துவிட்டால் வங்கியில் கட்டைவிரல் ரேகை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. நேரில் வர முடியாதவருக்கு வீட்டுக்கு வந்து செய்து தரும்படி கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஓய்வூதியர் என்றால் ஆண்டு உயிர்ச்சான்றிதழைச் செல்போனில் முகத்தைக் காட்டியே பதிவு செய்துவிடலாம். அவர் சார்பில் வேறொருவர் செயல்பட அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதி வாங்குவதாக இருந்தால், அவருக்கு விஷயம் புரிந்து சம்மதிக்கும் தெளிவு இருக்கும்போது மட்டுமே அது செல்லும். பேச்சு வராதவரிடம் வாங்கும்போது, அவருக்கு விஷயம் புரிகிறது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி அதோடு இணைத்து வையுங்கள்.